புஷ்பமலர் அக்காவுக்கு ஒரு பிடிகாரன் தேவை

தோடம்பழம் கையை விட்டுக் கிளம்பிய பிறகுதான் "தம்பி, பிடியும்!" என்ற குரல் வரும். முன்கூட்டியே சொன்னால் எவனும் பிடிப்பான் என்பது புஷ்பமலரின் கட்சி. அன்று காலை ஏழு மணிக்கு, ஒஸ்லோவின் எல்லிங்ஸ்ருட் சுரங்க ரயில் நிலைய வாசலில், காதில் கருவியைச் செருகிக்கொண்டு நின்ற நெடிய இளைஞன் ஒருவனை நோக்கிப் பழம் பறந்தது. அவன் பதறிப்போய் இரண்டு முழங்கைகளையும் மடக்கி அதை நெஞ்சோடு சேர்த்து அணைத்தான். பழம் பிதுங்கியது. வெள்ளைச் சட்டையில் சாறு கோடு போட்டு இறங்கியது.

"ஆன்ட்டி, என்னாச்சு? நான் ஏதாவது தப்பு பண்ணிட்டேனா?" என்றான். சென்னையிலிருந்து வேலைக்கு வந்த பிள்ளை.

"ஒரு பிழையும் இல்லை ராசா. நெஞ்சாலை பிடிக்கிறீர், அவ்வளவுதான்." கைப்பையிலிருந்து கடதாசி எடுத்து அவன் சட்டையைத் துடைத்துவிட்டு, "பழத்தைச் சாப்பிடும், நல்ல இனிப்பு" என்று சொல்லிப் படியிறங்கிவிட்டார். அந்தப் பிள்ளை ரயில் வரும்வரை மேலேயே பார்த்துக்கொண்டு நின்றான், இன்னொன்று வந்தாலும் வரும் என்று.

புஷ்பமலருக்கு வயது ஐம்பத்திரண்டு. உயரம் ஐந்தடிக்கு ஒரு விரற்கடை குறைவு. மனிதர்களைச் சந்திக்கும்போது முதலில் கையைப் பார்ப்பார், முகத்தைப் பிறகு சாவகாசமாகப் பார்த்துக்கொள்வார். விரல் நுனியால் வாங்குகிறவன், உள்ளங்கையால் அறைந்து வாங்குகிறவன், நெஞ்சால் வாங்குகிறவன் என்று ஆண் பிள்ளைகளை அவர் பிரித்து வைத்திருந்தார். அவருடைய வீட்டில் ஒரு பொருளும் கைமாறுவதில்லை. உப்புப் போத்தல், வீட்டைப் பூட்டும் திறப்பு, துவாய், தொலைக்காட்சி ரிமோட் எல்லாமே ஆகாய மார்க்கமாகத்தான் போகும். "எட்டு வருசமா நான் வீட்டுக்குள்ளை தலையை நிமித்திக்கொண்டுதான் நடக்கிறனான்" என்பார் அவருடைய கணவர் இரவீந்திரன். அவர் பேருந்து ஓட்டுகிறவர். வீதியில் அவருக்கு இருக்கிற பாதுகாப்பு வீட்டில் இல்லை.

இதற்கெல்லாம் காரணம் ஒரு கறுப்புக் காகம்.

எல்லிங்ஸ்ருட் குரோஸ் என்பது அமெரிக்கன் ஃபுட்போல் விளையாடும் உள்ளூர் அணி. தலைக்கவசத்தின் இரண்டு பக்கமும் காகப் படம் போட்டிருக்கும். எட்டு வருடங்களுக்கு முன் புஷ்பமலரின் மகன் மதுரன் பதினேழு வயதில் அதில் சேர்ந்தான். கழுத்து முறியாமல் வீட்டுக்கு வருகிறானா என்று பார்க்கத் தாய் பின்னால் போனார். ஒரு பருவம் முடிந்ததும் படிப்பு என்று சொல்லி மகன் நின்றுவிட்டான். தாய் நிற்கவில்லை. இன்று அவர்தான் அணியின் சாமான் பொறுப்பாளர். கவசம், தோள்மூடி, தண்ணீர்ப் போத்தல், பிளாஸ்டர், பதிவுத் தாள் எல்லாம் அவருடைய கையில்.

சனிக்கிழமை தவறாமல் அவர் பைகளைத் தூக்கிக்கொண்டு கிளம்புவதைப் பார்த்து இரவீந்திரன் வாசலில் நின்று சொல்வார்: "சனம் சனிக்கிழமையிலை ஒரு பிடி சோறு வைச்சிட்டுப் பேசாமல் இருக்கும். என்ரை மனிசி நாற்பது காகத்துக்கும் சப்பாத்துக் கட்டிவிடப் போறா."

அது பொய்யில்லை. புஷ்பமலர் வேலை செய்வது பார்னஹாகேயில், குழந்தைகள் காப்பகத்தில். பனிக்காலத்தில் மூன்று வயதுக் குழந்தையை முழு உடுப்புக்குள் இறக்கி, தொப்பி, கையுறை, சப்பாத்து எல்லாம் மாட்டி வாசலில் நிறுத்த அவருக்கு ஒரு நிமிடம் போதும். அந்தத் தொழில் ஞானம் அப்படியே மைதானத்துக்கு வந்தது. நூற்று முப்பது கிலோ எடையுள்ள தாடிக்காரர்கள் அவருக்கு முன்னால் வரிசையில் வந்து கைகளை உயர்த்திக்கொண்டு நிற்பார்கள். அவர் ஒரு மரப்பெட்டியின் மேல் ஏறி, தோள்மூடிக்கு மேலால் சட்டையை இழுத்துவிட்டு, முதுகில் ஒன்று தட்டி, "ஃபெர்டி!" என்பார். முடிந்தது, போ என்று அர்த்தம். முழு அணிக்கும் அவர் 'அக்கா'. அது அவருடைய பெயர் என்றுதான் பாதிப் பேர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். சங்கத்தின் அடையாள அட்டையிலும் அப்படித்தான் இருக்கிறது.

"பார்னஹாகேயிலை நான் உதவி ஆள். கலியாண வீட்டிலை இரவியின்ரை மனிசி. இஞ்சை நான் வராட்டி ஒருத்தனுக்கும் ஹெல்மெட் பூட்டத் தெரியாது" என்று ஒருமுறை சொன்னார். சொல்லும்போது கையில் ஒரு கவசத்தின் வார் இருந்தது. அதைப் பல்லால் கடித்து இழுத்து இறுக்கிக்கொண்டிருந்தார்.

விளையாட்டு விளங்காதவர்களுக்கு அவர் வைத்திருந்த விளக்கம் சுருக்கமானது. "ஒருத்தன் எறிவான். அஞ்சு தடியங்கள் அவனைச் சுத்தி நிண்டு காப்பாங்கள். ஓரத்தாலை ஓடுறவங்கள் பந்தைப் பிடிக்கோணும். எங்களிட்டை எறியிறவன் தங்கம். காக்கிறவங்கள் மதில். பிடிகாரர்தான் இல்லை." பிடிகாரர் என்ற சொல் அவருடைய சொந்தத் தயாரிப்பு.

இந்த வருடம் பிடிகாரர் பஞ்சம் தலைக்கு மேல் போயிருந்தது. ஒருவன் வீடு மாறும்போது கட்டிலைத் தூக்கி விரலை முறித்துக்கொண்டான். இன்னொருவனுக்குக் குழந்தை பிறந்து அவன் விடுப்பில் போய்விட்டான். மிஞ்சியவன் யூனாஸ். யூனாஸ் மான் மாதிரி ஓடுவான். பந்தும் சரியாக அவன் கைக்குத்தான் வந்து சேரும். பிறகு கையிலிருந்து நழுவி, முழங்காலில் பட்டு, எதிரணிக்காரன் ஒருவனுடைய மடியில் போய்க் குந்திக்கொள்ளும். ஆவணி மாத ஆட்டமொன்றில் அவனுக்குப் பதினொரு பந்து வந்தது. ஒன்பது நிலத்தில் விழுந்தது.

"நல்லெண்ணெய் பூசிக்கொண்டே வாறவன்?" என்று ஆட்டம் முடிந்ததும் அவனுடைய கையுறைகளைக் கழற்றி முகர்ந்து பார்த்தார் புஷ்பமலர். தமிழ் தெரியாவிட்டாலும் யூனாசுக்கு விளங்கியது. "அக்கா, மன்னித்துக்கொள்" என்று தலையைக் குனிந்தான். "நெய், நெய், தம்பி, அழாதை" என்று, நோர்வேஜிய மொழியில் இல்லை, இல்லை என்று சொல்லி, அவனுடைய மூக்கையும் துடைத்துவிட்டார். தொழில் பழக்கம்.

அந்த மாலையில் பயிற்சியாளர் தூர்கெய்ர் எல்லோரையும் வட்டமாக நிற்கவைத்து ஒரே ஒரு விடயம் சொன்னார். மூன்று கிழமையில் கடைசி ஆட்டம். வென்றால் முதற்பிரிவில் இருக்கலாம். தோற்றால் கீழே இறங்கவேண்டும். கீழே இறங்கினால் அடுத்த வருடம் ஆள் சேராது, அணியைக் கலைத்துவிட வேண்டியதுதான். சொல்லிவிட்டு அவர் யூனாசைப் பார்க்கவில்லை. எல்லோரும் யூனாசைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டார்கள். புஷ்பமலர் மட்டும் கூடைக்குள் தண்ணீர்ப் போத்தல்களை அடுக்கிக்கொண்டே, "மூண்டு கிழமை காணும், தாராளம்" என்றார்.

அடுத்த நாளிலிருந்து தோடம்பழங்கள் பறக்கத் தொடங்கின.

பேருந்தில், பலசரக்குக் கடையில், பிறந்தநாள் வீட்டில் என்று இடம் பார்க்காமல் எறிந்தார். கொஞ்சமாவது பிடிக்கிற பிள்ளை கிடைத்தால் உடனே கிட்டப் போய் நிற்பார். "என்ன உயரம்? எத்தினை வயசு? சனி ஞாயிறிலை வேலையோ? முழங்கால் ஏதும் முறிஞ்சதோ? ஓடினா மூச்சு வாங்குமோ?" கேட்டுவிட்டுத் தாய் தகப்பனின் தொலைபேசி எண்ணையும் வாங்கிக்கொள்வார், பிள்ளை சம்மதித்தாலும் தாய் விடாது என்று அவருக்கு அனுபவம் இருந்தபடியால்.

இருபத்தேழு வயதில் கலியாணம் முடிக்காத ஒரு பெண் வீட்டில் இருக்கும்போது, தாய் ஒருத்தி ஊரிலுள்ள இளைஞர்களை நிறுத்திவைத்து உயரம் கேட்டால் ஒஸ்லோத் தமிழர் என்ன நினைப்பார்கள் என்பது புஷ்பமலரின் மூளையில் ஏறவேயில்லை. ஒரு கிழமைக்குள் கதை நகரத்தின் மறுகோடியிலுள்ள ஹொல்ம்லியா வரை போயிற்று. அங்கிருந்து எப்படியோ வடதுருவத்துக்குப் பக்கமாக, பாட்ஸ்பியோர்ட் மீன் தொழிற்சாலை வரைக்கும் போய்விட்டது. அங்கேயிருந்து பழைய சிநேகிதி மேரியம்மா தொலைபேசி எடுத்தார்.

"புஷ்பம், இஞ்சை ஒரு பெடியன் இருக்கிறான். சுப்பர்வைசர். ஆறடி. குடிவெறி இல்லை."

"கை எப்பிடி?"

"கையோ?" மேரியம்மா கொஞ்சம் யோசித்தார். "ரெண்டும் இருக்கு."

பிள்ளையார் சதுர்த்தியன்று புஷ்பமலர் கோயிலுக்குப் போனபோது, வாசலில் ஒரு வான் நின்றது. உள்ளே சிதறுகாய் அடிப்பதற்கான தேங்காய்கள் இருநூறு. ஏழெட்டுப் பிள்ளைகள் வரிசையில் நின்று கைமாற்றி எறிந்துகொண்டிருந்தார்கள். கடைசியில், களஞ்சிய அறை வாசலில் நின்றவன் யாருடனோ பின்பக்கம் திரும்பிக் கதைத்துக்கொண்டே ஒற்றைக் கையை நீட்டியிருந்தான். தேங்காய் வந்து அந்தக் கையில் இருந்தது. விழவில்லை, மோதவில்லை, வந்து இருந்தது. மற்றவர்களின் கையில் 'டொக்' என்று கேட்ட தேங்காய் அவனிடம் வரும்போது சத்தமே போடவில்லை.

புஷ்பமலர் பிள்ளையாரை மறந்தார். கீழே கிடந்த ஒரு காயைத் தூக்கி அவனுடைய இடது பக்கத்தால், தலைக்கு ஒரு முழம் மேலே எறிந்துவிட்டு, "தம்பி, பிடியும்!" என்றார். அவன் திரும்பாமலே இடது கையை உயர்த்தினான். ஐந்து விரல் நுனிகளில் தேங்காய் நின்றது.

அவருக்கு மயிர்க்கூச்செறிந்தது. "என்ன பேர் ராசா? என்ன உயரம்?" என்று நெருங்கினார்.

ரிசாந். வயது இருபத்தெட்டு. மின்சார வேலை. ஆறடி ஓர் அங்குலம். சனி ஞாயிறு ஓய்வு. முழங்கால் சுகம். பத்தடி தள்ளிப் பூத்தட்டோடு நின்ற அவனுடைய தாய் சிவநாயகி ஒவ்வொரு கேள்வியையும் காதில் வாங்கிக்கொண்டு, வலக் கையால் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

புதன்கிழமை மாலை அவர்கள் வந்துவிட்டார்கள். சிவநாயகி பட்டுச் சேலை. அவருடைய கணவர் ஸ்ரீஸ்கந்தராசா கோட்டு. ரிசாந் மடிப்புக் கலையாத நீலச் சட்டை. கூடவே ஒரு தட்டில் முறுக்கும் பயத்தம் பணியாரமும் வாழைப்பழமும். விளையாடுவதற்கு அனுமதி கேட்க நாம் அவர்களுடைய வீட்டுக்குப் போகவேண்டும், அவர்களே தேடி வந்திருக்கிறார்களே என்று புஷ்பமலருக்குக் கண் கலங்கியது.

"உங்களுக்கு எங்கடை பிள்ளையைப் பிடிச்சிருக்கெண்டு கேள்விப்பட்டம்" என்று தொடங்கினார் சிவநாயகி.

"பிடிச்சிருக்கோ! இப்பிடி ஒரு பிள்ளையை நான் எட்டு வருசமாத் தேடுறன்."

"எட்டு வருசமோ!" என்று ஸ்ரீஸ்கந்தராசா நிமிர்ந்து உட்கார்ந்தார். பெண் வீட்டாருடைய பொறுப்புணர்ச்சி அவருக்குப் பிடித்துப்போயிற்று.

புஷ்பமலர் ஓடிப்போய்ப் பதிவுத் தாளை எடுத்து வந்தார். கூடவே ஒரு தோள்மூடி. வெள்ளிக்கிழமை நண்பகலுக்குள் பெயர் பதிய வேண்டும், பிந்தினால் ஆடமுடியாது. தாளை ரிசாந்தின் கையில் கொடுத்து, "இஞ்சை ஒரு கையெழுத்து" என்றார். ரிசாந் தோள்மூடியைத் தொட்டுப் பார்த்தான். தட்டிப் பார்த்தான். பிறகு பெரியவர்கள் நடுவில் அதைத் தலைவழியாகப் போட்டும் பார்த்தான்.

ஸ்ரீஸ்கந்தராசா மனைவியின் பக்கம் சாய்ந்தார். "பெடியன்ரை பலத்தைப் பாக்கினம் போலை. அந்தக் காலத்திலை கல்லுத் தூக்க விட்டவை எல்லே, அது மாதிரி."

"பாக்கட்டும், பாக்கட்டும். முதல் இதைப் பாப்பம்" என்று சிவநாயகி கைப்பையைத் திறந்தார். நான்கு மூலையிலும் மஞ்சள் பூசிய சாதகக் குறிப்புத் தாள் ஒன்று வெளியே வந்தது.

மஞ்சளைக் கண்டதும் புஷ்பமலருக்கு எல்லாம் விளங்கியது. அந்த விளக்கத்தோடு வாய் திறந்தது. திறந்த அதே கணத்தில், மேசையில் குனிந்து ரிசாந் பேனாவை வைத்துவிட்டான். 'ரி' எழுதிவிட்டான், 'சா' எழுதிக்கொண்டிருக்கிறான். புஷ்பமலர் அந்தப் பேனாவைப் பார்த்தார். மஞ்சள் தாளைப் பார்த்தார். திறந்த வாய்க்குள் ஒரு முறுக்கை வைத்துக் கடித்தார். மூலைக் கதிரையில் இரவீந்திரனுக்குத் தேநீர் புரையேறியது.

மகள் கம்சிகா நகரசபையில் பொறியியலாளர். சைக்கிள் கவசத்தோடு உள்ளே வந்தவள், பட்டுச் சேலையையும் பலகாரத் தட்டையும் தோள்மூடி போட்ட நீலச் சட்டையையும் ஒரு சுற்றுப் பார்த்து, "வணக்கம்" என்று சொல்லித் தன்னுடைய அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். அவர்கள் போன பிறகுதான் திறந்தாள்.

"அம்மா, உண்மையைச் சொல்லுங்கோ."

சொன்னார். முழுவதும் சொன்னார், முறுக்கு வரைக்கும்.

"அப்ப என்னை இரவல் குடுத்திட்டு ஆளை எடுத்திருக்கிறியள்."

"ரெண்டு கிழமைக்குத்தானே பிள்ளை."

"அம்மா!"

"நீ ஒண்டும் செய்ய வேண்டாம். சும்மா இருந்தாலே காணும்."

"சும்மா இருக்கிற ஆக்களைத்தானே இப்பிடி வித்துப்போடுறது." கம்சிகா கட்டிலில் குந்தினாள். சிரிப்பு வந்ததை அடக்கியதில் முகம் இன்னும் கடுமையாகிவிட்டது. "அந்த அன்ரி பாவம். நம்பிக்கொண்டு போறா. கடைசி மட்ச் முடியமுதல் நீங்களே உங்கடை வாயாலை அவவுக்குச் சொல்லோணும். சொல்லாட்டி நான் அங்கை வந்து மைக்கிலை சொல்லுவன்."

"இப்ப சொன்னா பெடியனை விடமாட்டா, பிள்ளை."

"அது உங்கடை பிரச்சினை."

ரிசாந் பயிற்சிக்கு வந்தான். முதல் நாளே தூர்கெய்ர் விசிலை வாயில் வைத்தபடி ஊத மறந்து நின்றார். பந்து எங்கே போனாலும் அங்கே அந்தக் கை இருந்தது. யூனாஸ் பக்கத்தில் நின்று பார்த்து, பொறாமைப்படவும் மறந்து கைதட்டினான். ரிசாந் வேலை முடிந்து வீட்டுக்குப் போகாமல் நேரே மைதானத்துக்கு வந்தான். தூங்கும்போதும் பந்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்கிறானாம்.

இதையெல்லாம் சிவநாயகி வேறு விதமாகக் கணக்கெடுத்தார். ஒவ்வொரு மாலையும் தொலைபேசி வரும். "சம்பந்தி, சாப்பிட்டாச்சோ? பெடியன் நல்ல சந்தோசம். முகத்திலை ஒரு களை. வேளைக்கு எழும்பிறான், பாட்டுப் பாடுறான். எல்லாம் உங்கடை வீட்டு ராசி, சம்பந்தி."

சம்பந்தி என்ற சொல் புஷ்பமலரின் தொண்டையில் மீன்முள் மாதிரி நின்றது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. இரண்டாவது கிழமை ஒருநாள் சாப்பாட்டு மேசையில் அவர் எழுந்துபோய் உப்புப் போத்தலை எடுத்து வந்து கணவரின் கையில் கொடுத்தார். இரவீந்திரன் பயந்துபோனார். "என்னப்பா? காய்ச்சலோ?"

கடைசி ஆட்டத்தன்று காலையில் மழை பெய்து விட்டிருந்தது. செயற்கைப் புல்லின் கறுப்பு இறப்பர்த் துகள்கள் எல்லோருடைய சப்பாத்திலும் ஒட்டின. சிவநாயகி தடித்த கோட்டுக்குக் கீழே சேலையும், கையில் சுடுதண்ணிப் போத்தல் நிறையத் தேநீருமாக வந்து சேர்ந்தார். புஷ்பமலர் அவரைக் கயிற்றுக்கு உள்ளே அழைத்து, ஒரு மடக்குக் கதிரையும் கொடுத்தார். தேநீர் இரண்டு கிண்ணங்களில் ஊற்றப்பட்டது. ஆட்டம் தொடங்கியது.

ரிசாந் முதல் பாதியில் நான்கு பந்து பிடித்தான். ஒவ்வொரு முறையும் எதிரணித் தடியன் ஒருவன் அவன்மேல் போய் விழுந்தான், ஒவ்வொரு முறையும் சிவநாயகி "ஐயோ!" என்று எழும்பி, அவன் எழுந்ததும், "கடவுளே, மாப்பிள்ளைப் பரீட்சை இவ்வளவோ சம்பந்தி?" என்று உட்கார்ந்தார். பார்வையாளர் பக்கத்தில் கம்சிகா நின்றாள். அவள் ஆட்டத்தைப் பார்க்கவில்லை. தாயைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கைக்கடிகாரத்தை ஒருமுறை உயர்த்திக் காட்டினாள்.

முடிய மூன்று நிமிடம் இருக்கும்போது காகங்கள் நான்கு புள்ளிகள் பின்னால் நின்றன. ஒரு முறை எல்லைக்குள் பிடித்தால் ஆறு புள்ளி. புஷ்பமலர் தண்ணீர்க் கூடையைக் கீழே வைத்தார். "சிவநாயகி, ஒருக்கா வாங்கோ" என்று ஆட்களில்லாத மைதான மூலைக்கு அவரை அழைத்துப் போனார். கதிரையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போனார், உட்காரவைத்துச் சொன்னால் நல்லது என்று.

"ஒரு கதை சொல்லோணும்."

"சொல்லுங்கோ சம்பந்தி."

"அந்தச் சொல்லைக் கொஞ்சம் நிப்பாட்டுங்கோ." மூச்சை இழுத்துக்கொண்டார். "நான் உங்கடை பிள்ளையைக் கம்சிகாவுக்கெண்டு பாக்கேல்லை. இவங்களுக்கெண்டு பாத்தனான்."

அவர் காட்டிய திசையில் கறுப்புச் சட்டை போட்ட நாற்பது ஆண்கள் நின்றார்கள். சிவநாயகி அவர்களைப் பார்த்தார்.

"எல்லாருக்குமோ?"

"அணிக்கு. பந்து பிடிக்கிறதுக்கு. நீங்கள் குறிப்பை எடுக்கேக்கைதான் எனக்கு விளங்கினது. அப்பவே சொல்லியிருக்கோணும். சொன்னா நீங்கள் பெடியனைக் கூட்டிக்கொண்டு போயிடுவியள் எண்டு வாயை மூடிக்கொண்டு இருந்திட்டன். கம்சிகாவிலை பிழை இல்லை, பிள்ளை அண்டைக்கே என்னை ஏசினவள். பிழை முழுக்க என்னிலைதான்."

"அப்ப குறிப்பு?"

"மேசை லாச்சிக்குள்ளை கிடக்கு. விரிச்சும் பாக்கேல்லை."

சிவநாயகி கைப்பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். பிறகு, "கனடாவுக்கெல்லாம் சொல்லிப்போட்டன், அக்கா" என்றார்.

இரண்டு கிழமைக்குப் பிறகு முதன்முறையாக அவர் அக்கா என்றார். முள் இறங்கியது. இறங்கின இடம் எரிந்தது. சிவநாயகி தேநீரை ஒரு கிண்ணத்தில் மட்டும் ஊற்றிக் குடித்தார். மூடியைத் திருகினார். போத்தலைப் பைக்குள் வைத்துக் கதிரையை விட்டு எழும்பினார்.

"அவனைக் கூப்பிடுங்கோ. நாங்கள் வீட்டை போறம்."

புஷ்பமலர் கடிகாரப் பலகையைப் பார்த்தார். நாற்பது விநாடி இருந்தது. "சரி. கூப்பிடுறன்" என்று சொல்லித் திரும்பி, இரண்டு கைகளையும் வாயருகே குவித்து, "தூர்கெய்ர்! ரிசாந்தை வெளியில் எடு!" என்று நோர்வேஜிய மொழியில் கத்தினார். உண்மையாகவே கத்தினார். குழந்தைகள் காப்பகத்தில் பனிச்சறுக்கு மேட்டின் உச்சிவரைக்கும் போய்ப் பழகிய குரல் அது. ஆனால் பந்து அதற்கிடையில் கிளம்பிவிட்டது, முழு மைதானமும் இரைந்துகொண்டிருந்தது.

பந்து உயர எழும்பி அவர்கள் நின்ற மூலைக்குத்தான் வந்தது. அதற்குக் கீழே ரிசாந் ஓடி வந்தான், இரண்டு பக்கமும் இரண்டு பேர். மூன்று பேரும் ஒன்றாக எழும்பினார்கள். ஒரு கை மட்டும் மற்றக் கைகளைவிட ஒரு சாண் மேலே போனது. பந்து அதில் வந்து இருந்தது. ரிசாந் பின்புறமாக இறங்கினான், ஒரு குதிகால் நிலத்தில் பட்டது, மறுகணம் மூன்று பேரும் கோட்டுக்கு வெளியே சுருண்டு, சிவநாயகியின் கதிரையையும் சேர்த்துக்கொண்டு உருண்டார்கள்.

விசில் ஊதியது. நடுவர் இருவரும் தூரத்தில் நின்றார்கள். ஒருவர் ஈரத்தில் சறுக்கி முழங்காலில் இருந்தார். புள்ளி என்று காட்டக் கைகளை யாரும் உயர்த்தவில்லை. இருவரும் ஏதோ கதைத்துக்கொண்டு மூலையை நோக்கி நடக்கத் தொடங்கினார்கள்.

புஷ்பமலர் கீழே பார்த்தார். வெள்ளைக் கோட்டின் மேல், அவருடைய சப்பாத்து நுனியிலிருந்து ஒரு சாண் தூரத்தில், பிறைவடிவில் கறுப்புத் துகள் அப்பியிருந்தது.

"என்னது?" என்றார் பக்கத்தில் நின்ற சிவநாயகி, மெதுவாக.

"குதி."

"கோட்டிலை பட்டா?"

"வெளியிலை. பந்து செல்லாது. நாங்கள் தோத்தம், அணியும் போச்சு."

புஷ்பமலரின் வலது சப்பாத்து நிலத்தை விட்டு ஓர் அங்குலம் உயர்ந்தது. ஒரே ஒரு தேய்ப்புப் போதும். உயர்ந்த கால் அப்படியே நின்றது. உண்மை சொன்ன சூடு இன்னும் நாக்கில் ஆறவில்லை. இறக்கவும் முடியாமல் தேய்க்கவும் முடியாமல் கொக்கு மாதிரி ஒற்றைக் காலில் நின்றார்.

சுருண்டு கிடந்தவர்களுக்கு அடியிலிருந்து ரிசாந் வெளியே வந்தான். எழும்பவில்லை. மல்லாந்து கிடந்தபடி பந்தை இரண்டு கைகளாலும் வானத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பல்லுக்காப்பும் மண்ணும் இறப்பர்த் துகளும் நிறைந்த வாயால், சின்னப் பிள்ளைபோல, சத்தம் போட்டுச் சிரித்தான். சிவநாயகி மகனை நன்றாகப் பார்த்தார்.

நடுவர்கள் பத்தடி தூரத்தில் வந்துவிட்டார்கள்.

சிவநாயகி கைப்பையைத் தோளில் சரிப்படுத்திக்கொண்டார். ஓரடி முன்னால் வைத்து, அந்தக் கறுப்புப் பிறையின் மேல் தன்னுடைய கோயில் சப்பாத்தை ஊன்றி நின்று, கோட்டை இழுத்துப் போர்த்துக்கொண்டு, மழை வருமோ என்று பார்க்கிறவர்போல வானத்தைப் பார்த்தார்.

புஷ்பமலர் காலைக் கீழே வைத்து, அவருக்கு இடம் விட்டு அரையடி தள்ளி நின்றார்.